ஷட்டர் தூக்கப் போறாங்க, ஏறி வாங்க

அணைக்கட்டுக் காவலுக்கு நிற்பவனுக்கு நீச்சல் தெரிய வேண்டும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அவனுக்கு வேண்டியது தொண்டை. பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட வாத்தியார், கல்யாண மண்டபத்தில் பந்தி கவனிப்பவர், ரேஷன் கடையில் வரிசையை நேராக்குபவர் என்று சத்தம் போட்டே பிழைக்க வேண்டிய அன்பர்கள் யாராவது இதைப் படித்தால் நான் பட்டது அவர்களுக்குப் புரியும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மெதுவான குரல். எங்கள் வீட்டில் கதை சொல்ல ஆட்கள் நிறைய. உட்கார்ந்து கேட்க நான் ஒருத்தன்தான். அப்படி வளர்ந்தவனைக் கொண்டுபோய் ஆற்றிரைச்சலுக்கு நடுவில் நிறுத்தி, எல்லாரையும் மேலே ஏற்று என்றார்கள்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஒரு சின்ன அணை. ஊர்ப் பெயர் வேண்டாம். மேலே பாலம், அதில் வரிசையாக ஷட்டர்கள். அவற்றுக்குக் கீழே, விழுகிற தண்ணீர் ஆற்றை அரித்துவிடாமல் இருக்கப் போட்ட அகலமான சிமென்ட் தளம். தளத்திலிருந்து கரைக்கு ஏறப் படிக்கட்டு. கரையில் ஒரு பூங்கா, ஒரு சிமென்ட் மான், சில மீன் வறுவல் கடைகள். தளத்தில் சாதாரண நாளில் முழங்கால் தண்ணீர்தான் ஓடும். குழந்தை குட்டியோடு உட்கார்ந்து குளிக்க அதைவிடத் தோதான இடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. ஷட்டரைத் தூக்கினால் அதே முழங்கால் தண்ணீர், நழுவின சோப்பைத் தேடி எடுப்பதற்குள் மார்பளவு ஆகிவிடும். நான் சேர்வதற்கு முந்தின வருஷம் அப்படித்தான் ஒருத்தர் ஆற்றோடு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் கீழே ஒரு ஆள் நிற்கட்டும் என்று என்னைத் தற்காலிகமாகப் போட்டார்கள்.

ஏற்பாடு இதுதான். பாலத்தின் மேல் ஷட்டர் சக்கரத்தைச் சுற்றுகிறவர் செல்வராசு அண்ணன், நிரந்தர வேலைக்காரர். கீழே நான். தளத்தில் ஒருத்தரும் இல்லை என்று பார்த்துவிட்டு நான் பச்சைத் துண்டை ஆட்டினால்தான் அவர் சக்கரத்தில் கை வைப்பார். இன்னொரு ஆள் போனால் முள்வேலி போட்டு இந்த இடத்தையே மூடிவிடுவேன் என்று என்ஜினீயர் சொல்லியிருந்தார். வேலியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நான் துண்டை ஆட்டி ஒருத்தர் போனார் என்று ஆகிவிடக் கூடாது. அந்த ஒன்றுதான்.

சங்கு

பாலத்தின் ஓரத்தில் ஒரு மின்சாரச் சங்கு வைத்திருந்தார்கள். ஷட்டர் தூக்குவதற்கு முன் அது ஊதும். ஊதினால் ஜனங்கள் பதறிக்கொண்டு ஏறுவார்கள் என்று அதை வாங்கி வைத்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். அவர்கள் அரியலூர்ப் பக்கத்து ஆட்கள் இல்லை. அரியலூர்ப் பக்கத்தில் சங்கு என்றால் சிமென்ட் ஆலைச் சங்கு. அது ஊதினால் யாரும் எதற்கும் பதற மாட்டார்கள். ஒரு ஷிப்டு முடிகிறது, இன்னொரு ஷிப்டு ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான்.

நான் சேர்ந்த புதிதில் சங்கு ஊதியதும் தளத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். வாட்ச் கட்டாத ஒருவர், "என்ன, அதுக்குள்ள ரெண்டாவது ஷிப்டா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுவிட்டு, தேய்த்துவிடச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் பேண்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அவர் காதருகே போய், ஷட்டர் தூக்கப் போறாங்க, ஏறி வாங்க என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் இன்னிக்கு லீவு தம்பி. அது பாட்டுக்கு ஊதட்டும்."

ஒரு விசில், ரெண்டு விசில்

சங்கு பலிக்கவில்லை என்றதும் ஆபீஸில் ஒரு விசில் கொடுத்தார்கள். செந்துறைப் பக்கத்திலிருந்து தனி பஸ் பிடித்து வந்த காதுகுத்துக் கூட்டம் ஒன்று, காதைக் குத்தி முடித்துவிட்டு அணையைப் பார்க்க வழியில் இறங்கியிருந்தது. நான் நீளமாக ஒரு விசில் அடித்தேன். அத்தனை பேரும் அப்படி அப்படியே நின்றுவிட்டார்கள். தலைக்குச் சீயக்காய் போட்ட அம்மா கையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். படியை நோக்கி நடந்துகொண்டிருந்த சிலரும் நின்றார்கள். இன்னொரு தரம் நீளமாக அடித்தேன். இன்னும் கெட்டியாக நின்றார்கள். மேலேயிருந்து செல்வராசு அண்ணன் என்ன என்று கையால் கேட்டார். கூட்டத்துக்குப் பெரிய ஆளாகத் தெரிந்த ஒரு மாமாவிடம் ஓடினேன். "ஏங்க, போகாம நிக்கிறீங்க?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு விசிலுக்கு நிக்கணும், ரெண்டு விசிலுக்குக் கெளம்பணும். ஒண்ணுதான தம்பி அடிச்ச?"

தினமும் டவுன் பஸ்ஸில் போகிற ஜனங்களுக்கு வேறு எப்படித் தோன்றும். உடனே சின்னச் சின்னதாக ரெண்டு விசில் அடித்தேன். கண்டக்டரே வந்து சொன்ன மாதிரி கூட்டம் துணியைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக ஏறியது. நான் சந்தோஷமாகத் துண்டை ஆட்டிவிட்டுத் திரும்பினால், மேலே ரோட்டில் அவர்கள் வந்த பஸ் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் ரெண்டு விசில் கேட்டு முழித்து, கியரைப் போட்டுவிட்டார். வளைவு வரை போய்த்தான் பின்னால் ஆள் இல்லை என்று கண்டுபிடித்தார். ஈர வேட்டியோடு ரோட்டில் நின்ற மாமா என்னிடம் சொன்னார்: "எங்கள ஏத்தாம வண்டிக்கு ரைட்டு குடுத்துட்டியேப்பா."

மாவட்டத்துக்கு மட்டும்

படிக்கட்டின் தலைப்பில் ஒரு எச்சரிக்கைப் பலகை உண்டு. ஷட்டர் மூடியிருக்கும்போது இவ்வளவு ஆழம், திறந்தால் இவ்வளவு ஆழம், தளத்தில் உட்கார்ந்து குளிக்காதீர்கள் என்று எழுதியிருக்கும். கீழே மாவட்டத்தின் பெயர். எழுதி வருஷக்கணக்காகி, வெயிலில் வெளுத்து ஒன்றும் தெரியாது. கிட்டப் போய்ப் படிக்க முயன்ற ஒரே ஆள் நான்தான். அந்தச் சமயத்தில் பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டம் ஆனது. ஒரு பெயிண்டர் வந்தார். பலகை புதுசாகப் போகிறது என்று நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஏணியையும் பிடித்தேன். அவர் பழைய மாவட்டத்தை அழித்து, புது மாவட்டத்தை நல்ல சிவப்பில், நிழல் வைத்து எழுதிவிட்டு இறங்கிவிட்டார்.

அப்புறம் அந்த மாவட்டம் மறுபடியும் பழைய மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. அதே பெயிண்டர் அதே ஏணியோடு வந்தார். மறுபடியும் மாவட்டத்தை அழித்து மாவட்டத்தை எழுதினார். பலகையில் இப்போது ரோட்டிலிருந்தே படிக்க முடிகிற ஒரே விஷயம், இது எந்த மாவட்டத்து அபாயம் என்பதுதான். ஏணியிலேயே இருக்கீங்க, கையில பெயிண்ட்டும் இருக்கு, அந்த ஆழத்தையும் அப்படியே ஒரு இழுப்பு இழுத்துடுங்களேன் என்று கெஞ்சினேன். அவர் பிரஷை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே சொன்னார்: "ஆர்டர்ல மாவட்டம் மட்டும்தான் தம்பி இருக்கு. ஆழத்துக்குத் தனியா ஆர்டர் வரணும்."

நாலாவது ஷட்டர்

காரில் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, இங்கே ஆள் போயிருக்கிறார்களா என்பது. இல்லை என்றால் முகம் வாடிவிடும். ஒரு நாள் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் சரியாக எந்த இடம் என்று காட்டச் சொன்னார். பார்த்தாலாவது பயம் வரட்டும் என்று, மூணாவது ஷட்டருக்கு நேர் கீழே என்று கை நீட்டிக் காட்டினேன். அவர் நெற்றியில் கை வைத்து நன்றாகப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பிச் சொன்னார்: "கேட்டுக்கிட்டியா? மூணாவதுதான். நாம நாலாவதுல குளிப்போம்."

மணலில் பழகின கால்

கொள்ளிடக் கரைக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடாது. திருமழபாடியிலிருந்து வந்த ஒருவரிடம் நான் பேசிவிட்டேன். ஷட்டர் தூக்கும் நேரம்கூட இல்லை அது; தளத்தின் அந்த ஓரம் வழுக்கும், போகாதீங்க என்றேன், அவ்வளவுதான். "நான் கொள்ளிடத்துல வெள்ளம் போவுறப்பவே அக்கரைக்கு நீந்துனவன். எனக்கு முழங்கால் தண்ணிய நீ காட்டுறியா" என்றபடி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். அவர் சொன்னது பொய்யாக இருக்காது. தோளையும் நடையையும் பார்த்தாலே தெரிந்தது.

ஆனால் அது மணல் இல்லை. வருஷக்கணக்காகத் தண்ணீர் ஓடிப் பாசி பிடித்த சிமென்ட். நாலு எட்டு வைத்ததும் உட்கார்ந்துவிட்டார். விழவில்லை, உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, முதுகு வளையாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல், குளிக்கிற குடும்பங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து சறுக்கிப் போனார். ஒரு குழந்தை அவருக்குக் கையாட்டியது. தண்ணீரின் வேகத்தை உடைப்பதற்காகத் தளத்தின் கடைசியில் பல் பல்லாகச் சிமென்ட் கட்டைகள் வைத்திருப்பார்கள். அதில் ஒன்று அவரை நிறுத்தியது. அது இல்லையென்றால் அடுத்தது ஆற்றுப் பள்ளம். நான் கயிற்றைப் போட்டு இழுத்துக் கரையேற்றினேன். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே, கோபமில்லாமல், ஊரை விட்டுக்கொடுக்காமல் சொன்னார்: "கொள்ளிடத்துல கால வச்சா மணல் புடிச்சுக்கும். இங்க ஒரு மனுசனப் புடிச்சுக்க நாதி இல்லையேப்பா."

மேரி அக்காவின் சந்தேகம்

படிக்கட்டுக்கு நேர் எதிரே மேரி அக்காவின் மீன் வறுவல் கடை. நான் ஆட்களை ஏற்ற ஆரம்பித்த புதிதில் என்மேல் அவருக்கு வருத்தம். ஜனங்களை இப்படி விரட்டினால் அணைக்கு யார் வருவார்கள் என்று கேட்பார். பிறகு ஒன்றைக் கவனித்தார்: பாதிக் குளியலில் ஏறி வருகிறவர்கள் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு, தண்ணீர் வடியும்வரை வேறு வேலை இல்லாமல், எண்ணெய்ச் சட்டியைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கடையைக் கட்டும்போது, அணை பாதுகாப்பில் அக்கறை உள்ள ஒரே பொதுஜனம் அவர்தான் என்கிற மாதிரி, என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்: "நாளைக்கும் தூக்குவாங்களாப்பா? இப்பவே சொல்லு, சேத்து மசாலா தடவி வச்சுடுறேன்."

கடைமடைக்காரர்

ஒரு நாள் பாசனத்துக்குத் தண்ணீர் விடச் சொல்லி என்ஜினீயரிடமிருந்து உத்தரவு வந்தது. துண்டை ஆட்ட முடியவில்லை. தளத்தில் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்தது என்ஜினீயருடைய மச்சினர் குடும்பம். ஏறி வாங்க என்றேன். "நாங்க யாருன்னு தெரியுமா?" என்றார் மச்சினர். தெரியும் என்றேன். "தெரிஞ்சுமா வந்து கூப்புடுற?" என்றார். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியோரம் ஒதுங்கினேன். மேலே செல்வராசு அண்ணன் சக்கரத்தின்மேல் சாய்ந்து பீடி பற்றவைத்துவிட்டார்.

அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. வாய்க்காலின் கடைசியில், கடைமடையில், நடவு போட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஒரு விவசாயி. தண்ணீர் ஏன் வரவில்லை என்று பார்க்க வந்திருந்தார். நான் கண்ணால் காட்டினேன். அவர் மொபெட்டுக்கு ஸ்டாண்டு போட்டார். படியில் இறங்கி, அவர்களுக்குப் பக்கத்தில் குந்தி, ரொம்ப மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தார். "என்ஜினீயர் ஐயா வூட்டு ஆளுங்களா? குளிங்க, குளிங்க. போன வாரம்தான் மேல அணைக்குள்ள ஒரு எருமை செத்து ஊதி மெதந்துச்சு. இழுத்துப் போட்டாங்களா, இல்ல ஷட்டர்கிட்டயே ஒதுங்கிக் கெடக்கான்னு தெரியல. நீங்க பாட்டுக்குக் குளிங்க." மச்சினரின் மனைவி சோப்பைக்கூட எடுக்கவில்லை. நான் விசில் அடித்து அந்த வேகத்தில் யாரும் ஏறியதில்லை. தளம் காலியானதும், நிஜமாகவே எருமையா என்று அவரிடம் கேட்டேன். அவர் வாய்க்காலைப் பார்த்தபடி சொன்னார்: "நட்டுட்டுத் தண்ணிக்கு நிக்கிறவன் வாயில எருமையும் வரும், யானையும் வரும். நீ துண்டை ஆட்டு தம்பி."

மாலை போகவில்லை

அந்த வருஷம் பச்சைமலைப் பக்கம் முன்கூட்டியே மழை. ஆடிப் பதினெட்டுக்கு அணை தளும்ப நின்றது. படிக்கட்டு முழுக்கக் குடும்பங்கள், முளைப்பாரி, காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு. சாயங்காலம் ஷட்டர் தூக்க உத்தரவு. கரண்ட் இல்லை, அதனால் சங்கு இல்லை. பூங்காவில் யாரோ மேளம் வேறு வைத்திருந்தார்கள். விசில் எனக்கே கேட்கவில்லை.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கல்யாண மாலையைப் பத்திரமாக வைத்திருந்து அன்றைக்கு ஆற்றில் விடுவது வழக்கம். பாடாலூர்ப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு ஜோடி வந்திருந்தது. ஆடிக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்த பெண்ணை அன்றைக்குத்தான் அழைத்து வந்திருந்தார்கள். ஆகவே இரண்டு வீட்டு ஆட்களும் கூட இருந்தார்கள். மற்றவர்கள் படியோரம் ஓடும் தண்ணீரில் மாலையை விட்டுக்கொண்டிருக்க, இவர்கள் கூட்டத்துக்குப் பயந்து தளத்தில் உள்ளே நடந்து ஷட்டரை ஒட்டியே போய்விட்டார்கள். பெண்ணின் மாலை கொஞ்சம் தள்ளி விழுந்தது, போய்விட்டது. மாப்பிள்ளையின் மாலை கிட்டத்தில் விழுந்தது. சற்றுப் போய், திரும்பி வந்தது. குச்சியால் தள்ளினார்கள், மறுபடி வந்தது. ஷட்டருக்கு நேர் கீழே தளம் பள்ளமாக இருக்கும். ஷட்டர் இடுக்கில் பீய்ச்சி விழும் தண்ணீர் அடியோடு போய்விடும். மேல்தண்ணீர் ஷட்டர் பக்கமே திரும்பிச் சுற்றும். அதில் விழுந்ததை அது விடாது, கட்டையானாலும் ஆளானாலும். நான் சேர்வதற்கு முன்னால் போனவரும் அதில் சிக்கித்தான் போனார்.

ஆனால் அங்கே நின்றவர்களுக்கு அது தண்ணீரின் வேலையாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "அவ மாலை போச்சு. எம் புள்ள மாலை மட்டும் போவ மாட்டேங்குதே." அவருடைய தங்கை மெதுவாக, ஆனால் பெண் வீட்டாருக்குக் கேட்கும்படி, "பொண்ண அழைச்சப்ப நேரம் பாத்தாங்களா என்னமோ" என்றார். பெண் நிமிரவில்லை. மாப்பிள்ளை அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், வேட்டியை மடித்துக் கட்டினான். "இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு? நான் எறங்கித் தள்ளிவுட்டுட்டு வரேன்."

எறங்காதீங்க என்று கத்தினேன். இரைச்சலில் அது எங்கேயும் போகவில்லை. பெண் மட்டும் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீரில் நடந்து போய், மாப்பிள்ளையை விட்டுவிட்டு, அவன் அம்மாவின் காதோடு சொன்னேன். "அம்மா, இது பழைய தண்ணிங்க. ரொம்ப நாளா அடைஞ்சு கெடக்குறது. இதுகிட்டப் போயி கல்யாண மாலையக் குடுத்தா எப்படிங்க வாங்கிக்கும்? மலையிலேருந்து வந்த புதுத்தண்ணி மேல நிக்குது. இப்ப தொறந்துவுடப் போறாங்க. படியில நின்னு பாருங்க, அது தானா வந்து எடுத்துக்கிட்டுப் போவும்."

அவர் ஷட்டரை அண்ணாந்து பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். என் வேலைக்கு எடுத்திருக்க வேண்டிய தொண்டை அது. "டேய், ஏறுடா மேல. புதுத்தண்ணி வருதாம்." மாப்பிள்ளை ஒரு காலைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்திருந்தான், எடுத்துக்கொண்டான். புதுத்தண்ணி வருது, புதுத்தண்ணி வருது என்று வாய்க்கு வாய் பரவி, முளைப்பாரி வைத்திருந்தவர்களும் குளித்துக்கொண்டிருந்தவர்களும், முதல் தண்ணீரைப் பார்க்க நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று முண்டியடித்துப் படியேறினார்கள். தளம் காலியாகிவிட்டது. நான் கடைசியாக ஏறி, திரும்பி ஒருமுறை நன்றாகப் பார்த்து, துண்டை ஆட்டினேன்.

தண்ணீர் வந்தது. மாப்பிள்ளை கால் வைத்திருந்த இடத்தில் நுரை ஆளுயரத்துக்கு எழுந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மடித்துக் கட்டின வேட்டியை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டான். மாலை உள்ளே போனதைத்தான் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து நடு ஆற்றில் ஒரு மாலை மிதந்து போனது. அம்மா அதைக் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மருமகளை இழுத்து நெற்றியில் குங்குமம் வைத்தார். பெண் வீட்டாரைப் பார்த்து, சாப்பிட்டுத்தான் போகணும் என்றார். எல்லாரும் வேனைப் பார்த்து நடந்தபோது அந்தப் பெண் படியில் விட்ட செருப்பைத் தேடுகிறவள் மாதிரி பின்தங்கினாள். என்னைவிட மெதுவாகப் பேசுகிற ஒருத்தரை அன்றைக்குத்தான் பார்த்தேன். "போனது எங்க மாலை இல்லீங்கண்ணா. எங்களுதுல ஜிகினாக் குஞ்சம் இருந்துச்சு. அத்தைகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க."

*

நான் அங்கே இருந்தவரை ஒருத்தர்கூட ஆற்றோடு போகவில்லை. போகாத ஆளை எந்த ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்தி, இதோ பாருங்கள், இவர்தான் போகாதவர், என்னை நிரந்தரமாக்குங்கள் என்று கேட்பது என்பதுதான் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.